ஊர் அருங்காட்சியகத்தில் எதை, எப்படி வைப்பது: உத்திரமேரூர் குடவோலையை முன்வைத்துச் சில குறிப்புகள்

ஒரு மரக்கால், துருப்பிடித்த பூட்டு, நாலைந்து செப்புக்காசு, யாரோ கொடுத்த கிராமபோன். எல்லாவற்றையும் ஒரே கண்ணாடி அலமாரியில் அடுக்கி, மேலே "பழங்காலப் பொருட்கள்" என்று எழுதி வைத்த அறைகள் தமிழ்நாட்டில் பல ஊர்களில் உண்டு. வருகிறவர் அலமாரியைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வெளியே வந்துவிடுகிறார். அந்தப் பொருட்கள் மேல் ஒரு குறையும் இல்லை. அவற்றை எந்த ஊரில் வைத்தாலும் அதே சீட்டை ஒட்டலாம் என்பதுதான் குறை.

1851இல் தொடங்கிய எழும்பூர் அருங்காட்சியகம் சேர்த்து வைத்திருக்கும் செப்புத் திருமேனிகளோடு ஓர் ஊர் அருங்காட்சியகம் போட்டி போட முடியாது. போடவும் வேண்டாம். எழும்பூரில் இல்லாத ஒன்று ஊரில் இருக்கிறது. கல்வெட்டைக் காட்டிவிட்டு, "இது வெட்டியிருக்கும் சுவர் அடுத்த தெருவில் இருக்கிறது, போய்ப் பாருங்கள்" என்று சொல்லலாம். ஏரியின் மாதிரியைக் காட்டிவிட்டு ஏரிக்கே அனுப்பலாம். காட்சியைத் திட்டமிடும்போது இந்த ஒரு வசதியை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஆகவே பொருளில் தொடங்காமல் கேள்வியில் தொடங்குங்கள். ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு கேள்வி. அது இந்த ஊருக்கு மட்டுமே பொருந்த வேண்டும், வருகிறவர் தன் கையாலோ காலாலோ விடை தேட முடிய வேண்டும், விடை கிடைத்ததும் ஊருக்குள் ஓரிடத்துக்குப் போகத் தோன்ற வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் அந்தக் காட்சியைத் தள்ளிவையுங்கள். முப்பதுக்கு இருபதடி அறையில் இப்படிப்பட்ட காட்சிகள் ஐந்து போதும். ஏழைத் தாண்டினால் ஒன்றின் கூட்டம் இன்னொன்றை மறைக்கும்.

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரை எடுத்துக்கொள்கிறேன். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று அவனுடைய 12ஆம் ஆட்சியாண்டு, கி.பி. 919. மற்றது 14ஆம் ஆட்சியாண்டு, கி.பி. 921. ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு, அதாவது பணிக்குழுக்களுக்கு, ஆட்களைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுப்பது எப்படி என்று விதி வகுத்தவை. பாடப்புத்தகத்தில் எல்லோரும் படித்ததுதான். ஆனால் கல்வெட்டில் உள்ள நுணுக்கங்கள் பாடப்புத்தகத்தில் இல்லை. காட்சிக்கு வேண்டியது அந்த நுணுக்கங்களே.

குடத்துக்கு முன்னால் கோடு

பெரும்பாலானோர் செய்வது என்ன? ஒரு மண்குடம், பக்கத்தில் துணிகட்டிய பொம்மை மனிதர்கள் நாலு பேர், பின்னால் "உலகின் முதல் ஜனநாயகம்" என்று ஒரு பலகை. பொம்மையும் வேண்டாம், அந்த வரியும் வேண்டாம். பிராமண நிலவுடைமையாளர்களின் சதுர்வேதிமங்கலத்துச் சபை அது. பெண்களுக்கும், நிலமில்லாதவருக்கும், ஊரின் மற்றச் சாதியாருக்கும் அதில் இடமில்லை. இதை மறைத்தால் பார்வையாளருக்குப் பாதி வரலாறுதான் போய்ச் சேரும். மறைக்காமல் சொன்னால் அதுவே காட்சியின் உயிராகிவிடும். எப்படி என்று சொல்கிறேன்.

குடத்துக்கு முன்னால் தரையில் 50 செ.மீ. இடைவெளியில் ஏழு கோடுகள் போடுங்கள். வருகிற குழு முழுவதும் முதல் கோட்டில் நிற்கும். வழிநடத்துபவர் 921ஆம் ஆண்டு விதிகளை ஒவ்வொன்றாகக் கேட்பார். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் சொந்த நிலம் உண்டா? சொந்த மனையில் வீடு உண்டா? வயது 35க்கு மேல் 70க்குள்ளா? வேதம் கற்றவரா? கடந்த மூன்று ஆண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தீர்களா? இருந்து கணக்குக் காட்டாமல் போனீர்களா? தகுதி உள்ளவர் ஒரு கோடு முன்னே வரலாம், மற்றவர் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். நாற்பது பேர் குழுவில் கடைசிக் கோட்டுக்குப் பெரும்பாலும் ஒருவரும் வந்து சேரமாட்டார். "அப்படியானால் இந்த ஊரில் மற்றவர்கள் எல்லாம் யார்?" என்று யாராவது கேட்பார்கள். கேட்கவில்லை என்றால் வழிநடத்துபவர் கேட்க வேண்டும். சபையில் இடமில்லாத அந்த மற்றவர்களைப் பற்றிய விளக்கப் பலகையைத் திருப்பிக் காட்ட வேண்டிய இடம் அது.

கால் வேலி எவ்வளவு என்ற கேள்வி கட்டாயம் வரும். பிற்காலத் தஞ்சைக் கணக்கில் ஒரு வேலி 20 மா, ஏறக்குறைய 6.67 ஏக்கர். அதன்படி கால் வேலி ஒன்றரை ஏக்கருக்குச் சற்று மேல். சோழர் காலத்தில் அளவுகோல் இடத்துக்கு இடம் வேறுபட்டதால் பலகையில் "சுமார்" என்ற சொல்லை விடாதீர்கள்.

கணக்குக் காட்டாதவர் விதி மட்டும் தனியாக ஒரு பலகைக்குத் தகும். கணக்கு ஒப்படைக்காதவர் மட்டுமா விலக்கப்பட்டார்? அவருடைய தந்தை, மகன், உடன்பிறந்தான், மாமனார், மருமகன், மைத்துனன், அத்தை மகன், மாமன் மகன், சிற்றன்னை பெரியன்னை மக்கள் என்று உறவுப் பட்டியல் நீள்கிறது. 4 அடிக்கு 3 அடி மரப்பலகையில் நடுவே ஒரு வட்டம், சுற்றிலும் உறவுகளுக்கு வட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு கொக்கி வையுங்கள். பிள்ளைகள் உறவுப்பெயர் எழுதிய மர வில்லைகளை மாட்டிப் பார்க்கட்டும். ஒருவர் செய்த தவற்றுக்கு எத்தனை பேர் விலக்கப்பட்டார்கள் என்பது எண்ணினால்தான் உறைக்கும். கொக்கி வளைந்த பித்தளையாக இருக்கட்டும். ஆணி என்றால் முதல் வாரமே யாருக்காவது கை கிழியும்.

இனி குடம். கல்வெட்டின் வரிசை இது: 30 குடும்புகள், அதாவது ஊரின் பிரிவுகள். ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்களின் பெயரைத் தனித்தனி ஓலையில் எழுதி, குடும்பின் பெயர் எழுதிய வாயோலை சேர்த்துக் கட்டி, அந்த ஓலைக்கட்டைக் குடத்தில் இட வேண்டும். சபையார் சிறியவர் பெரியவர் உட்பட எல்லோரும் கூடியிருக்க, முதியவர் ஒருவர் குடத்தை எல்லோரும் காணும்படி எடுத்து நிற்பார். உள்ளே இருப்பதை அறியாத ஒரு சிறுவன் ஓர் ஓலைக்கட்டை எடுப்பான். அதை அவிழ்த்து வேறொரு குடத்தில் இட்டுக் குலுக்கி, அதிலிருந்து ஓர் ஓலையை அவனே எடுத்து மத்தியஸ்தன் (நடுவர்) கையில் கொடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையில் அதை வாங்க வேண்டும். வாங்கி உரக்கப் படிக்க வேண்டும். அங்கே இருக்கும் நம்பிமார் (கோயில் பூசகர்கள்) எல்லோரும் அதே ஓலையைத் திரும்பப் படிக்க வேண்டும்.

ஐந்து விரலும் விரிந்த அந்தக் கையில் வேறோர் ஓலையை மறைத்துக்கொள்ள முடியாது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு சபை முறைகேட்டை எப்படியெல்லாம் நினைத்துப் பார்த்து விதி எழுதியிருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம். பார்வையாளரைக் கையை விரிக்கச் சொல்லுங்கள். ஒரு விரல் மடங்கினாலும் "செல்லாது" என்று மற்றவர்கள் சொல்லலாம். பிள்ளைகள் இதை மறக்கவே மாட்டார்கள்.

செய்முறைக்கு வேண்டியவை: வாய் 14 அல்லது 15 செ.மீ. அகலமுள்ள குடம் இரண்டு. பிள்ளையின் முழங்கை நுழைய வேண்டும், எட்டிப் பார்த்தால் உள்ளே தெரியக்கூடாது. கழுத்து குறுகலான தண்ணீர்க் குடம் வாங்கினால் கை மாட்டிக்கொள்ளும். அடியில் மூன்று கிலோ மணலைத் துணிப்பையில் கட்டிப் போட்டுப் புரிமணைமேல் உட்கார வைத்தால் சாயாது. குடத்தின் வாய் தரையிலிருந்து 75 செ.மீ. உயரத்தில் இருந்தால் எட்டு வயதுப் பிள்ளைக்கும் எட்டும். எப்படிப் பார்த்தாலும் குடம் உடையும். அதே குயவரிடம் ஒரே அளவில் ஐந்து சொல்லிவைத்து மூன்றைக் கையிருப்பில் வையுங்கள்.

ஓலைக்குப் பச்சைப் பனையோலையை வெட்டி அப்படியே பயன்படுத்தினால் பத்து நாளில் சுருளும். மஞ்சள் சேர்த்த நீரில் அரைமணி கொதிக்கவிட்டு, நிழலில் உலர்த்தி, பலகைகளுக்கு இடையே பாரம் வைத்து நான்கைந்து நாள் அழுத்தி எடுக்க வேண்டும். 12 செ.மீ. நீளம், 3 செ.மீ. அகலம் போதும். எழுத்தாணியைப் பார்வையாளர் கையில் கொடுக்காதீர்கள். பெயர்களை முன்பே கீறி, விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துத் தடவித் துடைத்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓலையில் பூஞ்சை பிடிக்கும். அந்த இரண்டு மாதமும் 300 ஜிஎஸ்எம் அட்டையில் வெட்டிய நறுக்குகளுக்கு மாறிவிடலாம்.

முப்பது குடும்புக்கும் நடத்தினால் ஒரு வகுப்புக்குப் பொழுது போதாது. மூன்று கட்டுகள் போதும், ஒரு கட்டில் ஆறு ஓலை. பத்துப் பேர் குழுவுக்கு எட்டு நிமிடம் ஆகும். முடிவில் கணக்கைச் சொல்லுங்கள்: 30 குடும்பிலிருந்து 30 பேர். சம்வத்சர (ஆண்டு) வாரியத்துக்கு 12, தோட்ட வாரியத்துக்கு 12, ஏரி வாரியத்துக்கு 6. பதவிக் காலம் 360 நாள். பிறகு கோயிலுக்குப் போகும் வழியைக் காட்டும் அம்புக்குறி.

கல்லைத் தொடவிடுவது

மூலக் கல்வெட்டை யாரும் தேய்க்கக்கூடாது. வைகுண்டப் பெருமாள் கோயில் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச் சின்னம். கட்டடம் எழுப்ப நினைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இப்படிப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை தேசிய நினைவுச் சின்னங்கள் ஆணையத்தின் அனுமதி வேண்டும். இடம் வாங்கிய பிறகு இதைத் தெரிந்துகொண்டு பயனில்லை.

ஆகவே நகல்தான். ஃபைபரில் அச்செடுத்துச் சாயம் பூசுவதைவிட, துறை அனுமதியோடு கல்வெட்டின் மேல் தாளை ஒற்றி எடுத்த மைப்படியைக் கொண்டு கல்தச்சர் ஒருவரிடம் கருங்கல்லில் வெட்டச் சொல்வது மேல். தொட்டால் குளிரும், உளியின் தடம் தெரியும். 90 செ.மீ. நீளம், 60 செ.மீ. உயரம், 5 செ.மீ. கனம், ஐந்து வரி போதும். எழுத்து 3 செ.மீ. உயரம், 3 மி.மீ. ஆழம். ஆழம் குறைந்தால் தேய்க்கும்போது எழுத்து தெளியாது. கூடினால் தாள் கிழியும். இந்தக் கல் 70 கிலோவுக்கு மேல் வரும். பிளைவுட் மேசை தாங்காது, இரும்புச் சட்டம் வேண்டும். 75 செ.மீ. உயரத்தில் சற்றுச் சாய்வாக வைத்தால் சக்கர நாற்காலியில் வருபவரும் எட்டித் தேய்க்கலாம். அடியில் முழங்கால் நுழைய 70 செ.மீ. வெளி விடுங்கள்.

தேய்ப்பதற்கு மெல்லிய செய்தித்தாள் காகிதம், எழுத்து அச்சடிக்காதது. மெழுகுக் கிரேயானின் உறையை உரித்துப் படுக்கைவாட்டில் பிடித்துத் தேய்க்க வேண்டும். கரித்துண்டு வேண்டாம், சுவரெல்லாம் கை பதியும். இதில் தவறுவது ஒன்றே ஒன்று: தாள் நகர்ந்து எழுத்து இரட்டையாக விழும். கல்லின் மேல்விளிம்பில் கீல் வைத்த இரும்புப் பட்டை ஒன்றைப் பொருத்தி, தாளை அதன்கீழ் செருகி அழுத்தினால் நகராது. செலோடேப் கொடுத்தால் கல்லெல்லாம் பிசின்.

தேய்த்து எடுத்ததைப் படிக்க முடிந்தால்தான் மகிழ்ச்சி. பலகையில் மூன்று அடுக்கு வையுங்கள்: கல்லில் உள்ள எழுத்து, அதே எழுத்துக்கு நேர் கீழே இன்றைய எழுத்து, அதன்கீழ் இன்றைய தமிழில் பொருள். பராந்தகனின் பட்டமான "மதிரை கொண்ட கோப்பரகேசரி" ஒன்றைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொன்னாலே போதும்.

கல்வெட்டுகளில் பெரும்பாலும் புள்ளி இருக்காது. எகர ஏகாரமும், ஒகர ஓகாரமும் இன்று போல் பிரிந்திருக்காது. அந்தப் பிரிப்பு வீரமாமுனிவரோடு (1680–1747) சேர்த்துச் சொல்லப்படுவது. இதை விளக்கப் பத்தி எழுதாதீர்கள். இரும்புத் தகட்டில் "பல", "கல", "கண" என்று எழுதி, பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் கறுப்புக் காந்தப் புள்ளிகளை வையுங்கள். புள்ளி வைத்தால் பல், வைக்காவிட்டால் பல. இரண்டு நிமிடத்தில் கல்வெட்டாய்வாளரின் சிக்கல் பிடிபட்டுவிடும். காந்தம் விழுங்கும் அளவுக்குச் சிறிதாக இருக்கக்கூடாது, 4 செ.மீ. வட்டமாவது வேண்டும். இரண்டு காந்தம் வயிற்றுக்குள் போய்விட்டால் உயிருக்கே ஆபத்து.

ஏரி, மேசை மேல்

ஏரி வாரியத்து ஆறு பேருக்கு என்ன வேலை என்பது அடுத்த கேள்வி. உத்திரமேரூரின் ஏரிக்குக் கல்வெட்டில் வயிரமேக தடாகம் என்று பெயர். ஓடும் நீரோடு கூடிய ஒரு மாதிரி இருந்தால் மற்ற எல்லாக் காட்சிகளையும்விடக் கூட்டம் அங்கேதான் கூடும். அதிகம் பழுதாவதும் அதுதான். பராமரிக்க ஆள் இல்லையென்றால் இதைத் தொடவே வேண்டாம்.

முதலில் உங்கள் ஏரியில் இருப்பது கரையை ஒட்டிய மதகா, ஏரிக்குள் நிற்கும் குமிழித் தூம்பா என்று நேரில் பார்த்து, அதையே செய்யுங்கள். குமிழி என்றால், ஏரிக்குள் இரண்டு கல்தூண்கள், நடுவே கல்தொட்டி, தொட்டியின் மேலே நீரோடித் துளை, கீழே சேறோடித் துளைகள், அங்கிருந்து கரைக்கு அடியில் வெளியே போகும் சுருங்கை. அடைப்பைத் தூக்கினால் தண்ணீர் விரைந்து இறங்கும், அந்த ஓட்டம் கீழே படிந்த சேற்றையும் சேர்த்துக் கொண்டுபோகும். இதைக் கண்ணால் பார்க்க வைப்பதுதான் மாதிரியின் வேலை.

100 × 50 × 30 செ.மீ. அக்ரிலிக் தொட்டி, 10 மி.மீ. கனம். 15 செ.மீ. தண்ணீர் விட்டாலே 75 லிட்டர், அதாவது 75 கிலோ. இணைப்புகள் கசிகின்றனவா என்று 48 மணிநேரம் தண்ணீர் நிரப்பி வைத்துப் பார்த்த பிறகுதான் அறைக்குள் கொண்டுவர வேண்டும். சேற்றுக்குக் களிமண் போட்டால் தொட்டி முழுக்கக் கலங்கி நாள் முழுவதும் தெளியாது. சலித்துக் கழுவிய செங்கல் குருணை, அரிசிக் குருணையைவிடச் சற்றுச் சிறியது, இரண்டு கிலோ. சிவப்பாகத் தெரியும், சில நொடிகளில் படிந்துவிடும். வெளியே வரும் நீர் கீழ்த்தொட்டியில் ஒரு வலைப்பை வழியாக விழட்டும். வலை இல்லாவிட்டால் குருணை மோட்டாருக்குள் போய் ஒரே நாளில் அடைத்துவிடும். மோட்டார் 12 வோல்ட், இணைப்பில், மின்கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. இதில் சமரசமே கூடாது.

ஆழ்துளைக் கிணற்று நீர் விட்டால் இரண்டு வாரத்தில் அக்ரிலிக்கில் வெள்ளை உப்புப் படியும். மழைநீரோ ஆர்ஓ நீரோ விடுங்கள். வாரம் ஒருமுறை முழுவதும் இறைத்து உலரவிடாவிட்டால் பாசியும் கொசுப்புழுவும் வரும். ஜன்னல் வெயில் படும் இடத்தில் வைத்தால் பாசி இன்னும் விரைவு. துடைக்கப் பருத்தித் துணி மட்டும். தேங்காய் நார் பட்டால் கீறல் விழுந்து ஆறு மாதத்தில் உள்ளே ஒன்றும் தெரியாது.

மீதிக் காட்சிகளான தானிய அளவைகளுக்கும் ஊரின் தரைப்படத்துக்கும் சுருக்கமாகவே சொல்லலாம். 2 ஆழாக்கு ஓர் உழக்கு, 2 உழக்கு ஓர் உரி, 2 உரி ஒரு நாழி, 8 நாழி ஒரு குறுணி. அந்தக் குறுணிதான் மரக்கால், 12 மரக்கால் ஒரு கலம். ஆழாக்கிலிருந்து நாழி வரை தச்சரிடம் புதிதாகச் செய்து அளந்து பார்க்கக் கொடுங்கள், பழையதைக் கொடுக்காதீர்கள். ஊருக்கு ஊர் படியின் கொள்ளளவு மாறியது என்பதால் உங்கள் பகுதிப் படியைத் தேடிப் பிடித்து அதையே மாதிரியாகக் கொள்ளுங்கள். நெல்லை வைத்தால் எலியும் அந்துப்பூச்சியும் வரும், குன்றிமணி நஞ்சு. மீன்தொட்டிக்குப் போடும் கழுவிய பொடிக்கல் நல்லது.

தரைப்படம் 1:1000 அளவில், 4 மீட்டருக்கு 3 மீட்டர். நான்கு கிலோமீட்டர் நீளமும் மூன்று கிலோமீட்டர் அகலமும் அதில் அடங்கும். கிராம வரைபடத்தையும் புலப்படங்களையும் வருவாய்த் துறையில் கேட்டு வாங்கித் தெருப் பெயர்களை ஊர்க்காரர்களை வைத்துச் சரிபாருங்கள். எல்லாத் தெருவும் அதில் இருக்க வேண்டும். சேரிப் பகுதியும் காலனியும் விடுபட்ட ஊர்ப்படம் பொய்ப்படம். வருகிறவர் முதலில் தேடுவது தன் வீட்டை, அது கிடைக்காவிட்டால் மற்ற எதையும் பார்க்கமாட்டார்.

எழுத்து

நல்ல காட்சிகள் பல எழுத்தில்தான் கெடுகின்றன. ஆங்கில அருங்காட்சியகக் கையேடுகள் பொருட்சீட்டுக்கு 50 சொல் என்கின்றன. தமிழில் ஒரு சொல்லுக்குள் வேற்றுமை உருபும் காலமும் எண்ணும் அடங்கிவிடுவதால் 30 சொல்லே நிறைவு. அறைக்கான முதன்மைப் பலகைக்கு 80 சொல். அதற்குமேல் எழுதியதை யாரும் நின்று படிப்பதில்லை.

"மரக்கால். 19ஆம் நூற்றாண்டு. மரம், பித்தளை" என்பது பதிவேட்டுக்குப் போதும், சீட்டுக்குப் போதாது. "இந்த மரக்காலின் வாய்விளிம்பைப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறது. கோலால் தலைவழித்தவர் எப்போதும் அந்தப் பக்கமாகவே வழித்திருக்கிறார்" என்று எழுதினால் ஒருவர் குனிந்து பார்ப்பார். பொருளில் கண்ணுக்குத் தெரியும் ஒன்றில் தொடங்கிப் பிறகு தெரியாததற்குப் போவதே சீட்டு எழுதும் முறை. தேய்மானம் உண்மையிலேயே அந்தப் பொருளில் இருந்தால்தான் இப்படி எழுதலாம் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

எழுத்தளவு: பொருட்சீட்டு 24 புள்ளி (பாயிண்ட்), சுவர்ப் பலகை 40 புள்ளி, தலைப்பு 100க்கு மேல். தமிழில் மேலே கொக்கியும் கீழே உகரச் சுழியும் வருவதால் வரி இடைவெளி எழுத்தின் ஒன்றரை மடங்கு வேண்டும். குறைத்தால் "கீ" மேல் வரியின் "கூ"வோடு மோதும். இரண்டு ஓரமும் சமமாக நெருக்காதீர்கள். நம் சொற்கள் நீளமானவை, நடுவில் ஓட்டை ஓட்டையாக வெற்றிடம் விழும். இடப்பக்கம் மட்டும் ஒழுங்காக, வரிக்கு ஐந்து முதல் ஏழு சொல்.

அச்சகத்தில் நடப்பதை முன்கூட்டியே தடுக்க வேண்டும். நீங்கள் யூனிகோடில் அனுப்புவீர்கள். அவர்கள் மென்பொருள் பழைய எழுத்துருவில் ஓடும். மாற்றும்போது "ொ" இரண்டாகப் பிரியும், "ஸ்ரீ" உடையும். கல்வெட்டுப் பலகைக்கு "ஸ்வஸ்திஸ்ரீ" இல்லாமல் முடியாது. தமிழ் எண்களும் அப்படியே: 14 என்பது ௰௪. அந்த எழுத்து இல்லாத எழுத்துருவில் வெறும் கட்டம் விழும். வடிவமைத்த கணினியிலேயே எழுத்தையெல்லாம் கோட்டுருவாக மாற்றிப் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். ஏ4 தாளில் உண்மை அளவில் ஒரு துண்டு அச்சிட்டு, பலகை வரப்போகும் சுவரில் ஒட்டி, 60 வயதுக்காரர் ஒருவரைப் படிக்கச் சொல்லுங்கள்.

ஃப்ளெக்ஸ் வேண்டாம், விளக்கொளியில் மின்னும், ஓரம் சுருளும். சன்போர்டு என்னும் நுரைப்பலகை மேற்குச் சுவர் வெயிலில் வளையும். 3 மி.மீ. ஏசிபி (அலுமினியக் கூட்டுத்) தகட்டில் மங்கல் லேமினேஷன் செய்த வினைல் ஒட்டினால் நிற்கும். எழுத்தின் நடு, தரையிலிருந்து 135 முதல் 140 செ.மீ. உயரத்தில்.

பெட்டியும் வெளிச்சமும்

உண்மையான ஓலைச்சுவடி, பழைய ஒளிப்படம், துணி ஆகியவற்றுக்கு 50 லக்ஸுக்கு மேல் ஒளி கூடாது. நம் ஊர் ஜன்னலோரத்தில் பகலில் அதைவிடப் பல மடங்கு விழும். கைப்பேசிச் செயலி தோராயமாகக் காட்டும், அது போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏட்டை மாற்றி வையுங்கள். விளக்கு, பெட்டிக்கு வெளியே இருக்கட்டும். உள்ளே வைத்தால் எல்இடியும் சூடேற்றும். கல்லுக்கும் மண்பாண்டத்துக்கும் இந்தக் கவலை இல்லை.

கண்ணாடியை ஒட்டும் சிலிக்கான், வினிகர் நாற்றம் அடிக்கும் வகையாக இருந்தால் அதிலிருந்து எழும் அமிலம் செம்பையும் ஈயத்தையும் அரிக்கும். நடுநிலை வகை என்று கேட்டு வாங்கி, ஒட்டியபின் மூன்று வாரம் திறந்து வையுங்கள். புதுப் பிளைவுட்டும் அப்படித்தான். ஈயக்காசை அதனுள் மூடிவைத்தால் வெள்ளைப் பொடியாக உதிரும்.

பகலில் ஏசி, இரவில் நிறுத்தம் என்பது ஏசியே இல்லாததைவிடக் கெடுதல். ஈரப்பதம் தினமும் ஏறி இறங்கினால் ஓலை வெடிக்கும், மரம் பிளக்கும். நாள் முழுவதும் ஓட்ட முடியாவிட்டால் மூடிய பெட்டிக்குள் சிலிகா ஜெல் வையுங்கள். கன மீட்டருக்கு 20 கிலோ என்பது கணக்கு. 60 × 40 × 30 செ.மீ. பெட்டிக்கு ஒன்றரை கிலோ. நீல நிறத்தது வேண்டாம், அதில் கோபால்ட் நஞ்சு உண்டு. ஆரஞ்சு நிறம் பச்சையானால் அடுப்பில் 110 டிகிரியில் நாலைந்து மணிநேரம் வைத்து எடுக்கலாம்.

செப்புப் பாத்திரங்களைப் புளி போட்டுத் துலக்கவே கூடாது. அந்தக் கறுப்புப் படலம்தான் அதன் வயதும் காப்பும். வெளிர்பச்சைப் பொடி உதிர்ந்தால் மட்டும் தனியே எடுத்து, உலர்ந்த டப்பாவில் வைத்து, மாவட்ட அருங்காட்சியகக் காப்பாட்சியரைக் கேளுங்கள்.

பொருள் கொண்டுவருபவரிடம் முதலில் எங்கே கிடைத்தது என்று கேட்க வேண்டும். மண்ணில் தோண்டி எடுத்தது, மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டும் என்றால் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். அருங்காட்சியகம் அதைச் சும்மா வாங்கி வைக்க முடியாது. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட சிற்பம், ஓவியம் போன்றவை 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வரும், 75 ஆண்டைத் தாண்டிய கையெழுத்துச் சுவடிகளும் அதில் சேரும். வழிபாட்டில் உள்ளதை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். குடும்பப் படங்களை வாங்கி வைப்பதைவிட 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து அன்றே திருப்பிக் கொடுப்பது நல்லது. நன்கொடையாக வாங்குவதற்கெல்லாம் கொடுத்தவர் கையொப்பமிட்ட சீட்டு வேண்டும். "சும்மா வச்சிருங்க" என்று கொடுத்தது பத்து ஆண்டு கழித்துப் பேரன் வந்து கேட்கும்போது வழக்காகும்.

எதையும் தச்சரிடம் கொடுக்குமுன் அட்டைப்பெட்டியாலும் பழைய மேசையாலும் அதே அளவில் செய்து, தரையில் கோடு போட்டு, பத்துப் பேரை நடக்கவிடுங்கள். ஐந்து பள்ளிப் பிள்ளைகள், இரண்டு முதியவர், ஒரு சக்கர நாற்காலி, இரண்டு தாய்மார் கைக்குழந்தையோடு. நடைவழி 120 செ.மீ., திரும்பும் இடம் 150 செ.மீ. இருக்கிறதா என்று அப்போதே தெரியும். எங்கே நிற்கிறார்கள், எதைத் தாண்டிப் போகிறார்கள், எந்தச் சொல்லில் தடுமாறுகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். விளக்கம் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு பார்ப்பதுதான் கடினம்.

ஒவ்வொரு காட்சிக்கும் பக்கத்தில் பூட்டிய அறையொன்றில் ஒரு டப்பா இருக்கட்டும்: உதிரிக் கொக்கி, கிரேயான், காந்தப் புள்ளி, வலைப்பை, மாற்று மோட்டார். விடுமுறை நாளில் திறந்து சரிபார்க்க ஒரு தாள். அந்தத் தாளின் முதல் வரி குடத்துக்கு. கையை விட்டு ஓலைகளை எடுத்து எண்ண வேண்டும், மூன்று கட்டு, கட்டுக்கு ஆறு. பிள்ளைகள் தங்கள் பெயரைப் பேனாவால் எழுதி உள்ளே போட்ட நறுக்குகளும் கூடவே வரும். அவற்றைத் தனியே ஒரு டப்பாவில் சேர்த்து வையுங்கள்.